துருக்கித் தொப்பி எங்கள் ஊருக்கு வந்த கதை



சாய்ந்தமருதில் எங்கள் பழைய வீட்டில் மூத்தாப்பாவின் பெட்டகம் ஒன்று இருந்தது. காணி உறுதிகள், மூத்தம்மாவின் கலியாணச் சேலை, அத்தர்ச் சிமிழ் இவற்றோடு அதற்குள் வட்டமான தகரப் பெட்டி ஒன்றும் இருக்கும். அதைத் திறந்தால் பூச்சியுருண்டையின் நெடி மூக்கில் ஏறும். உள்ளே செந்நிறத் துருக்கித் தொப்பி. அதன் உச்சியிலிருந்து கறுப்புக் குஞ்சம் ஒன்று தொங்கிக்கொண்டிருக்கும்.

மூத்தாப்பா அதைப் பெருநாளன்றும் கலியாண வீடுகளிலும்தான் அணிவார். ஆனால் தொப்பி ஓய்ந்திருந்ததில்லை. "மாப்பிள்ளைக்குத் தொப்பி எடுக்க வந்தம்" என்று யாராவது வாசலில் வந்து நிற்பார்கள். மூத்தாப்பா மறுக்கமாட்டார். குஞ்சத்தைக் கையால் நீவி, பெட்டியோடு கொடுத்தனுப்புவார். எத்தனையோ மாப்பிள்ளைமாரின் தலையில் ஏறி இறங்கிய தொப்பி அது. சிலருக்குப் பெரிதாக இருக்கும். உள்ளே கடதாசி மடித்து வைத்துச் சரிசெய்வார்கள்.

1976ஆம் ஆண்டு எனக்குக் கலியாணம். என்னைப் பெண் வீட்டுக்குக் கூட்டிப்போகும் நேரம் மூத்தாப்பா தகரப் பெட்டியோடு வந்து நின்றார்.

"மனே, இதப் போட்டுட்டுப் போ."

"இந்தக் காலத்தில ஆரு மூத்தாப்பா இதப் போடுறாங்க? கூட்டாளிமார் சிரிப்பானுகள்."

அவர் எதுவும் சொல்லவில்லை. பெட்டியை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அடுத்த ஆண்டு அவர் மௌத்தானார். அந்தப் பெட்டி மூடிய சத்தம் மட்டும் இன்னும் என் காதில் இருக்கிறது.

அந்த நாளில் நான் நினைத்தது இதுதான்: மூத்தாப்பா ஊர் வழக்கத்துக்குக் கட்டுப்பட்டவர், நானோ சொந்தமாக முடிவெடுப்பவன். பிற்காலத்தில் இந்தத் தொப்பியின் வரலாற்றைத் தேடிப் படித்தபோதுதான் என் எண்ணம் எவ்வளவு பிழையானது என்று விளங்கியது. துருக்கியிலிருந்து எவரும் எங்கள் கரைக்கு வந்து இதை அணியச் சொல்லவில்லை. மார்க்கம் கட்டளையிடவுமில்லை. அப்படியிருந்தும் ஒரு காலத்தில் இலங்கை முஸ்லிம் என்றாலே மனத்தில் தோன்றும் படம் இந்தச் சிவப்புத் தொப்பியாக இருந்தது. ஒரு சிறு வழக்கம் எப்படித் திடீரென்று ஒரு சமூகத்தின் அடையாளமாகிறது? அதைத்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

முதலில் தொப்பியின் பூர்வீகத்தைப் பார்ப்போம். மொரோக்கோவின் ஃபெஸ் நகரின் பெயரால் இது ஃபெஸ் எனப்பட்டது. துருக்கியில் இது பொதுவானது மிகவும் பிந்தித்தான். சுல்தான் இரண்டாம் மஹ்மூத் 1826இல் பழைய ஜனிசாரிப் படையைக் கலைத்துவிட்டு ஐரோப்பிய முறையில் புதிய படையை அமைத்தார். அந்தப் படைக்கு இத்தொப்பியைக் கொடுத்தார். 1829இல் அரசாங்க உத்தியோகத்தர்களும் இதையே அணிய வேண்டும் என்று ஆணையிட்டார். தலைப்பாகை கட்டிப் பழகியவர்கள் இதைப் புதுமை என்று வெறுத்தார்கள். ஆனால் இரண்டொரு தலைமுறைக்குள் அதே தொப்பி இஸ்லாமிய உலகின் சின்னமாகிவிட்டது. நேற்று அந்நியமாகத் தெரிந்தது இன்று பாரம்பரியமாகிவிடுவதற்கு அதிக காலம் வேண்டியதில்லை என்பதற்கு இதுவே முதற் சான்று.

இதன் பரவலுக்கு ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு. ஐரோப்பியத் தொப்பிக்கு விளிம்பு உண்டு. அதை அணிந்துகொண்டு ஸுஜூது செய்ய நெற்றி நிலத்தில் படாது. துருக்கித் தொப்பிக்கு விளிம்பில்லை. கோட்டும் காற்சட்டையும் அணிந்து கந்தோருக்குப் போகிறவர் அதே தொப்பியோடு பள்ளிவாசலுக்கும் போகலாம். புதிய உத்தியோகத்துக்கும் பழைய வணக்கத்துக்கும் ஒரே தொப்பி பொருந்திவிட்டது.

அக்காலத்தில் இலங்கை முஸ்லிம்கள் எதை அணிந்தார்கள்? பத்தொன்பதாம் நூற்றாண்டின் பழைய படங்களைப் பார்த்தால் கொழும்பு வணிகர்களின் தலையில் உயரமான, விளிம்பில்லாத, வண்ண வேலைப்பாடுள்ள தொப்பிகளைக் காணலாம். தலைப்பாகை கட்டியோரும் இருந்தனர். இந்த நிலையில்தான் 1883ஆம் ஆண்டு ஜனவரி மாதம் கொழும்புத் துறைமுகத்துக்கு ஒரு கப்பல் வந்தது.

எகிப்தில் ஆங்கில ஆதிக்கத்தை எதிர்த்துத் தோற்ற அஹமத் ஒறாபி பாஷாவும் அவருடைய தோழர் அறுவரும் குடும்பத்தாரோடு அந்தக் கப்பலில் நாடுகடத்தப்பட்டு வந்தார்கள். அவர்களுள் ஒருவரான மஹ்மூத் ஸாமி அல்பாரூதி நவீன அறபுக் கவிதையின் முன்னோடி எனப் போற்றப்படுபவர். தமது பிரிவுத் துயரக் கவிதைகளை இந்தச் சரந்தீபிலிருந்துதான் எழுதினார். பாஷாக்களைப் பார்க்க மக்கள் திரண்டார்கள். முந்திய ஆண்டில்தான் அறிஞர் சித்திலெப்பை 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கியிருந்தார். எகிப்தின் செய்திகள் அதன்மூலம் தமிழ் வாசிக்கும் முஸ்லிம் வீடுகளுக்குள் வந்தன. 1885இல் அவர் வெளியிட்ட 'அஸன்பேயுடைய கதை'யின் நாயகனும் எகிப்தில் பிறந்தவனே. பாஷாக்கள் வந்து இறங்கியபோது அவர்களைப் பற்றிய கற்பனைக்கு இங்கே இடம் ஆயத்தமாகியிருந்தது.

பாஷாக்கள் கோட்டும் காற்சட்டையும் துருக்கித் தொப்பியும் அணிந்தவர்கள். ஆங்கிலேய அதிகாரிகளோடு சமமாக உட்கார்ந்து பேசினார்கள். பிள்ளைகளின் நவீனக் கல்வியை வலியுறுத்தினார்கள். அதே நேரம் ஐவேளையும் தொழுதார்கள். ஆங்கிலம் படித்தால் பிள்ளை மதம் மாறிவிடும் என்று அஞ்சியிருந்த சமூகத்துக்கு இது புதிய காட்சி. நவீன மனிதனாகவும் முஸ்லிமாகவும் ஒரே உடலில் இருக்கலாம் என்பதை அவர்கள் சொல்லவில்லை, அணிந்து காட்டினார்கள். கொழும்பிலும் கண்டியிலும் வசதியுள்ள, படித்த குடும்பத்தவர் சிலர் தொப்பியை மாற்றிக்கொண்டனர். 1892இல் சித்திலெப்பை, வாப்பிச்சி மரிக்கார், ஒறாபி பாஷா முதலியோரின் முயற்சியால் மருதானையில் அல்மத்ரஸத்துஸ் ஸாஹிறா உருவானது. அதுவே பின்னாளில் ஸாஹிறாக் கல்லூரியாகியது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாஷாக்கள் வந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் இது சிலருடைய உடையாகத்தான் இருந்தது. சித்திலெப்பை 1898இல் காலமானார். ஒறாபி பாஷா 1901இல் எகிப்துக்குத் திரும்பினார். பாஷாக்களுள் சிலர் இங்கேயே மண்ணுக்குள் போயினர். தொப்பியின் கதை அத்தோடு முடிந்திருக்கலாம். முடியாமல் காத்தது ஒரு தடை.

1905ஆம் ஆண்டு மே மாதம் 2ஆம் திகதி சட்டத்தரணி எம்.சி. அப்துல் காதர் துருக்கித் தொப்பியோடும் காலணியோடும் உயர் நீதிமன்றத்தில் தோன்றினார். பிரதம நீதியரசர் சேர் சார்ள்ஸ் லேயார்ட் அதை ஏற்கவில்லை. ஐரோப்பிய முறைப்படி மரியாதை செலுத்துவதென்றால் தொப்பியைக் கழற்ற வேண்டும். கீழைத்தேய முறைப்படி என்றால் காலணியைக் கழற்ற வேண்டும். இரண்டையும் அணிந்து வரமுடியாது என்பது அவருடைய நிலைப்பாடு. அப்துல் காதர் எதையும் கழற்றாமல் வெளியேறினார்.

நீதியரசரின் தர்க்கத்தில் பிழையில்லை என்று தோன்றலாம். ஆனால் அவர் கேட்டது உண்மையில் வேறொன்று: நீ ஐரோப்பியனா, கீழைத்தேயத்தவனா, ஒன்றைத் தெரிவுசெய் என்பதுதான் அது. தொப்பியும் காலணியும் சேர்ந்திருந்ததன் அர்த்தமோ, இரண்டில் ஒன்றைத் தெரிவுசெய்ய வேண்டியதில்லை என்பது. ஆகவே அடி தொப்பியில் விழவில்லை. இருபது ஆண்டுகளாக ஒரு சமூகம் மெல்ல மெல்லக் கட்டிவந்த நம்பிக்கையில் விழுந்தது.

அதன்பின் நடந்ததுதான் ஆச்சரியம். தொப்பியை வாழ்நாளில் அணிந்திராதவர்களும் தொப்பிக்காக எழுந்தனர். ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் முதலியோர் முன்னின்றனர். கூட்டங்கள் நடந்தன; மகஜர்கள் எழுதப்பட்டன. 1905 டிசம்பர் 31ஆம் திகதி மருதானைப் பள்ளிவாசல் வளவில் மாபெரும் கூட்டம் நடைபெற்றது. இந்தியாவிலிருந்து பாரிஸ்டர் மௌலவி ரபியுத்தீன் அஹமத் வந்து பேசினார். விடயம் பிரித்தானிய மன்னர் வரை கொண்டுசெல்லப்பட்டது. ஈற்றில், முஸ்லிம் சட்டத்தரணிகள் துருக்கித் தொப்பியுடனும் காலணியுடனும் நீதிமன்றத்தில் தோன்ற அனுமதி கிடைத்தது. அதற்குள் தொப்பி ஒரு சிலரின் நாகரிகம் என்ற நிலையைக் கடந்துவிட்டிருந்தது. தடுக்கப்பட்டதால் அது எல்லோருக்கும் சொந்தமானது.

இது எங்கள் நாட்டுக்கு மட்டும் உரிய அனுபவமல்ல. இந்தியாவில் 1920களில் வெள்ளைக் கதர்க் குல்லாயைச் சில கந்தோர்களிலும் நீதிமன்றங்களிலும் தடுத்தார்கள். அதன் பின்னர்தான் அது ஒரு துணித்துண்டு என்பதைத் தாண்டி ஒரு கேள்வியாகியது: நீ எந்தப் பக்கம்? கேள்வி அப்படி மாறிவிட்டால், அதுவரை அக்கறையில்லாதிருந்தவனும் பதில் சொல்லியே ஆக வேண்டியவனாகிறான்.

இருந்தாலும் 'ஏன் திடீரென்று?' என்ற கேள்வி மிஞ்சுகிறது. இதற்கு மார்க் கிரனோவெற்றர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1978இல் எளிய விளக்கம் ஒன்றைத் தந்தார். அதை நான் எங்கள் ஊர்க் கலியாணப் பந்தலுக்குக் கொண்டுவந்து சொல்கிறேன்.

பந்தலில் நூறு பேர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் யாரையும் பார்க்காமல் புதிய தொப்பி அணியும் துணிச்சல்காரர். இரண்டாமவர், ஒருவர் அணிந்தால் தானும் அணிவார். மூன்றாமவருக்கு முன்னால் இருவர் வேண்டும். நான்காமவருக்கு மூவர். இப்படியே போனால் சற்று நேரத்தில் நூறு தலையிலும் தொப்பி ஏறிவிடும். பக்கத்து ஊரில் இன்னொரு பந்தல். அங்கும் இதே போன்ற நூறு பேர். ஒரே ஒரு வித்தியாசம்: அந்த இரண்டாமவர் கொஞ்சம் கூச்சக்காரர், இருவர் அணிந்தால்தான் அணிவார். அவ்வளவுதான். அந்தப் பந்தலில் கடைசிவரை ஒரே ஒருவர்தான் தொப்பியோடு இருப்பார். வெளியிலிருந்து பார்ப்பவர், 'இந்த ஊரார் புதுமை விரும்பிகள், அந்த ஊரார் பழமைவாதிகள்' என்று எழுதிவிடுவார். உண்மையில் இரு ஊருக்கும் உள்ள வேறுபாடு ஒரு மனிதருடைய சிறு தயக்கம் மாத்திரமே.

1905இன் தடை செய்த வேலை இதுதான். அது பலருடைய தயக்கத்தை ஒரே நேரத்தில் குறைத்தது. 'பத்துப் பேர் அணியட்டும் பார்ப்போம்' என்றிருந்தவனை, 'ஒருவன் அணிந்தாலும் போதும்' என்று ஆக்கியது. இருபது ஆண்டு மெல்ல ஊறிய நீர் அணை உடைந்ததுபோல் பாய்ந்தது. நாம் பாய்ச்சலை மட்டும் பார்த்துவிட்டு 'திடீரென்று' என்கிறோம்.

விவசாயிகளுக்கு இது புதிய பாடமல்ல. பத்தலகொடையிலிருந்து எச்.4 நெல் வந்த காலத்தை எங்கள் பக்கத்து முதியவர்கள் கதை கதையாகச் சொல்வார்கள். விவசாய உத்தியோகத்தர் வந்து எவ்வளவு விளக்கினாலும் போடிமார் தலையை ஆட்டிவிட்டுப் பழைய நெல்லையே விதைப்பார்களாம். பக்கத்து வயற்காரன் ஒருவன் விதைத்து, வரம்பில் நின்று அந்தக் கதிரைக் கண்ணால் கண்ட பிறகுதான் மனம் மாறுவார்களாம். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் சோள விவசாயிகளை ஆராய்ந்த ரயன், குரோஸ் என்ற இருவர் 1943இல் எழுதியதும் இதையேதான்: புதிய விதையைப் பற்றிச் செய்தி சொன்னவர் விற்பனையாளர், நம்பவைத்தவர் அயலவர்.

இனி, தொப்பி எங்கள் பக்கம் வந்ததைச் சொல்ல வேண்டும். அதற்கு முன் இன்னொரு காரணத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. 1888இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன், இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே, மதத்தால் மட்டும் வேறுபட்டவர் என்று ஆய்வுரை ஒன்றை வாசித்தார். சட்டநிரூபண சபையில் யாருக்கு யார் பிரதிநிதி என்ற கேள்வி எழுந்த காலம் அது. அப்துல் அஸீஸ் 1907இல் அதற்கு மறுப்பு நூல் எழுதினார். இந்தச் சர்ச்சையின் சரி பிழையை இங்கே நான் தீர்க்க வரவில்லை. தமிழே பேசி, தமிழிலேயே எழுதி வந்த ஒரு சமூகம் 'நாங்கள் யார்?' என்று கேட்டுக்கொண்டிருந்த வேளையில், பார்த்தவுடன் பதில் சொல்லும் ஒரு பொருள் தலைக்குக் கிடைத்தது என்பதை மட்டும் சுட்டிக்காட்டுகிறேன். நீண்ட நூல் செய்ய முடியாததை ஒரு தொப்பி செய்தது.

கல்முனைக் கரையில் நாங்கள் வயலையும் கடலையும் நம்பி வாழ்ந்தவர்கள். கரைவலை இழுப்பவருக்கும் சூடு மிதிப்பவருக்கும் குஞ்சத் தொப்பி எதற்கு? ஆகவே இங்கே அது அன்றாட உடையாக வரவில்லை, மரியாதையாக வந்தது. கொழும்பில் வியாபாரம் செய்து திரும்பியவர், வெளியூரில் படித்து வந்த ஆசிரியர், பள்ளிவாசல் மரைக்காயர், போடியார் என்று ஊரின் முன்வரிசையில் இருந்தவர்களின் தலையில் முதலில் அமர்ந்தது. பிறகு கலியாண நாளில் எல்லா வீட்டுக்கும் இரவலாகப் போனது. மாப்பிள்ளைக்கு அன்று ஒரு நாள் போடியாரின் தலை கிடைத்தது என்று சொல்லலாம். எங்கள் மூத்தாப்பா யாருக்கும் மறுக்காததன் அர்த்தமும் இதுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

வந்த வேகத்திலேயே அது போயும்விட்டது. துருக்கியிலேயே முஸ்தபா கமால் 1925 நவம்பரில் சட்டம் இயற்றி இத்தொப்பியைத் தடைசெய்தார். சுல்தான் நவீனத்துக்காகக் கட்டாயமாக்கியதை, நூறு ஆண்டு முடியுமுன் இவர் அதே நவீனத்துக்காக ஒழித்தார். இன்னொரு வேடிக்கையும் உண்டு. துருக்கியர் அணிந்த தொப்பிகளில் பெரும்பகுதி ஒஸ்திரியப் பேரரசின் தொழிற்சாலைகளில் செய்யப்பட்டவை. 1908இல் ஒஸ்திரியா பொஸ்னியாவைத் தன்னோடு இணைத்துக்கொண்டபோதுதான் துருக்கியருக்கு இது உறைத்தது. ஒஸ்திரியப் பொருட்களைப் பகிஷ்கரித்து, தலையிலிருந்த தொப்பியையே கழற்றினார்கள். எகிப்தில் 1952 புரட்சிக்குப் பின் அது பழைய ஆட்சியின் சின்னமாகி மறைந்தது. சேர் ராசிக் பரீத் போன்ற தலைவர்களின் படங்களோடு எங்கள் நாட்டிலும் அது மெல்லச் சுவருக்கு ஏறிற்று. நான் மாப்பிள்ளையான காலத்தில் அதைப் பார்த்துச் சிரித்தோம்.

பரவுவதற்கு உள்ள அதே விதிதான் மறைவதற்கும். ஒருவர் கழற்றினார், அவரைப் பார்த்து இன்னொருவர். நான் அந்த வரிசையில் எழுபதாவதோ எண்பதாவதோ ஆள். கூட்டாளிமார் சிரிப்பார்கள் என்றுதானே மூத்தாப்பாவிடம் சொன்னேன்! அவர் அணிந்ததற்கும் நான் மறுத்ததற்கும் காரணம் ஒன்றே: பக்கத்தில் நின்றவர்கள். ஆனால் அவருடைய தொப்பிக்குப் பின்னால் ஒரு மறுப்பும் மானமும் இருந்தன. என் மறுப்புக்குப் பின்னால் கூச்சம் மட்டுமே இருந்தது.

இப்போது என் பேரப்பிள்ளைகளின் காலம். எங்கள் உம்மாமார் சேலைத் தலைப்பால் முக்காடிட்டார்கள். அவர்களுடைய பேத்திகள் அபாயா அணிகிறார்கள். வளைகுடா நாடுகளுக்கு உழைக்கப் போனவர்களின் பெட்டிகளோடு வேறு பல வழக்கங்களும் வந்தன. 'இதுதான் எங்கள் ஆதி வழக்கம்' என்று சிலர் சொல்கிறார்கள். 'எங்கிருந்தோ வந்தது' என்று சிலர் ஏசுகிறார்கள். இரு சாராருக்கும் நான் அந்தத் தகரப் பெட்டியைத்தான் காட்ட விரும்புவேன். அதுவும் எங்கிருந்தோ வந்ததுதான். ஒரு தலைமுறைக்கு அதுவே ஆதி வழக்கமாகவும் இருந்தது.

அப்படியானால் எல்லாம் வெறும் அலைதானா? இல்லை. அலை எதைக் கரையில் விட்டுப் போனது என்று பார்க்க வேண்டும். தொப்பியோடு சேர்ந்து வந்த இன்னொரு பொருள் பள்ளிக்கூடம். மருதானையில் 1892இல் வைக்கப்பட்ட ஸாஹிறா என்ற பெயர் நாடெங்கும் பரவியது. 1942இல் உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு வந்த ஏ.எம்.ஏ. அஸீஸ் இப்பகுதியின் கல்வியில் கொண்ட அக்கறையை எங்கள் மூத்தோர் நன்றியோடு நினைவுகூர்வர். அவரே 1948இல் மருதானை ஸாஹிறாவின் அதிபரானார். அடுத்த ஆண்டு, 1949இல், தொடங்கப்பட்ட கல்முனை ஸாஹிறாக் கல்லூரி இன்று எங்கள் சாய்ந்தமருதில்தான் இருக்கிறது. தலையின் மேல் இருந்தது போய்விட்டது; தலைக்குள் போனது நின்றுவிட்டது.

2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் எழுந்து வந்து எங்கள் கரையில் ஆயிரக்கணக்கானோரைக் கொண்டுபோனது. கரையோரமிருந்த எங்கள் பழைய வீடும் போனது. மனித உயிர்கள் போன நாளில் ஒரு பெட்டகத்தைப் பற்றி யார் நினைப்பார்? பல மாதங்கள் கழித்துத்தான் தொப்பியின் ஞாபகம் வந்தது. அப்போதுதான் அழுதேன்.

சென்ற ஆண்டு என் மூத்த பேரனுக்குக் கலியாணம். கொழும்பில் யாரோ வாடகைக்குக் கொடுக்கிறார்கள் என்று ஒரு துருக்கித் தொப்பியைக் கொண்டுவந்திருந்தான். அவனுடைய கூட்டாளிமார் நாலைந்து பேர் இப்படி அணிந்தார்களாம். படத்துக்கு அழகாக இருக்குமாம். தொப்பி கொஞ்சம் பெரிதாக இருந்தது. நான் ஒரு கடதாசியை மடித்து உள்ளே வைத்து, குஞ்சத்தை நீவி, அவன் தலையில் வைத்தேன்.

"இது எங்கேயிருந்து வந்தது மூத்தாப்பா?" என்று கேட்டான்.

இவ்வளவு நேரம் உங்களுக்குச் சொன்னதைத்தான், நேயர்களே, மாப்பிள்ளை அழைக்க வந்தவர்களைக் காக்கவைத்து அவனுக்குச் சொல்லத் தொடங்கினேன்.